நுரைச்சோலைச் சாம்பலில் என்ன இருக்கிறது?

2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை. முற்பகல் பதினொன்றரை மணியளவில் இலங்கை முழுவதும் மின்சாரம் நின்றுபோனது. யாழ்ப்பாணக் குடாநாட்டுத் தொண்டைமானாறும் இருண்டது. பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு பாய்ந்ததுதான் காரணம் என்று அரசாங்கம் சொன்னது. அந்தச் செய்தி உலகெங்கும் சிரிப்பாகச் சுற்றியது. அன்றிரவுக்குள் பெரும்பாலான வீடுகளில் விளக்கு எரிந்தது. ஆனால் மறுநாளும் அதற்கு மறுநாளும் முறைவைத்து மின்வெட்டு அமுலானது. நுரைச்சோலை அனல்மின் நிலையத்தின் மூன்று இயந்திரங்களும் அந்த அதிர்ச்சியில் நின்றிருந்தன. அவற்றை மறுபடி சூடேற்றி ஓடவைக்க நாள்கள் பிடித்தன.

தொண்டைமானாற்றுக்கும் நுரைச்சோலைக்கும் நேர்கோட்டில் ஏறத்தாழ 200 கிலோமீற்றர். போர்க்காலம் முழுவதும் தேசிய மின்வலையிலிருந்து துண்டிக்கப்பட்டுக் கிடந்த யாழ்ப்பாணத்துக்கு, போர் முடிந்தபின் கிளிநொச்சி வழியாகச் சுன்னாகம்வரை உயர் அழுத்தக் கம்பி வந்து சேர்ந்தது. அன்று தொடக்கம் செல்வச்சந்நிதி முருகன் கோயில் வீதியில் எரியும் விளக்கிலும் வல்லைவெளிக்கு அப்பால் தோட்டக்கிணற்றில் ஓடும் மோட்டரிலும் நுரைச்சோலை இருக்கும் கற்பிட்டிக் குடாநாட்டில் எரிந்த நிலக்கரியின் பங்கு இருக்கிறது. நாட்டின் மின்சாரத்தில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு அங்கிருந்துதான் வருகிறது. மின்சாரம் எங்களிடம் வந்துவிடுகிறது. எரிந்த கரியின் சாம்பல் அங்கேயே தங்கிவிடுகிறது.

அந்தச் சாம்பலைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. அதற்குள் எந்த மூலகம், எவ்வளவு, எந்த இடத்தில், எந்த ஆழத்தில் இருக்கிறது என்பதை வரைபடமாக்க வேண்டும். அந்த வரைபடம் சாம்பல் மேட்டுக்குப் பக்கத்தில் குடியிருப்பவன் கையில் முதலில் கிடைக்க வேண்டும். இதைச் சொல்ல யாழ்ப்பாணத்தவனுக்கு என்ன உரிமை என்று கேட்பவர்களுக்குச் சுன்னாகத்துக் கிணறுகளே பதில். அதற்குப் பிறகு வருகிறேன்.

நுரைச்சோலை நிலையத்தின் அரசமுறைப் பெயர் லக்விஜய. சீனாவின் ஏற்றுமதி இறக்குமதி வங்கிக் கடனில், சீன நிறுவனமொன்று கட்டிக்கொடுத்தது. முதல் இயந்திரம் 2011 மார்ச்சில் தொடங்கிவைக்கப்பட்டது. 2014 செப்டெம்பரில் சீன ஜனாதிபதி ஷி ஜின்பிங் இலங்கைக்கு வந்தபோது மூன்று இயந்திரங்களும் சேர்ந்து 900 மெகாவாட் ஆகியிருந்தன. ஆண்டுக்கு 20 இலட்சம் தொன்னுக்கு மேல் நிலக்கரி எரிகிறது. இந்தோனேசியா, தென்னாபிரிக்கா, ரஷ்யா என்று பல நாட்டுக் கரி. ஒரு கப்பலில் ஏறத்தாழ 60,000 தொன். தென்மேற்குப் பருவத்தில் கடல் கொந்தளிப்பதால், ஆண்டின் பிற்பகுதியிலிருந்து ஏப்ரல்வரைதான் கப்பல்கள் கரையை அணுகி, தோணிகளில் கரியை இறக்க முடியும். ஆண்டு முழுவதற்குமான கரி அந்த மாதங்களுக்குள் வந்து குவிகிறது.

பத்தில் ஒரு பங்கு சாம்பலாகிறது என்று குறைத்துக் கணக்கிட்டாலும் ஆண்டுக்கு இரண்டு இலட்சம் தொன். புகையோடு மேலே போய் மின்வடிகட்டியில் பிடிபடுவது பறக்கும் சாம்பல். பெரும்பங்கு அதுதான். உலையின் அடியில் கட்டிபட்டு விழுவது அடிச்சாம்பல். பறக்கும் சாம்பலைச் சீமெந்து ஆலைகள் வாங்குகின்றன. கலப்புச் சீமெந்து மூட்டைகளில் அது நாடெங்கும் போகிறது. விலைபோகாததும் அடிச்சாம்பலும் நிலையத்தின் வளாகத்துக்குள் மேடாகிறது.

பறக்கும் சாம்பலை ஒரு சிட்டிகை எடுத்து விரல்களுக்கிடையே தேய்த்தால் முகப்பூச்சு மாவைப்போல வழுக்கும். நுணுக்குக்காட்டியின் கீழ் வைத்தால் அத்தனையும் கண்ணாடிக் குண்டுமணிகள். உலையின் வெப்பத்தில் கரிக்குள் இருந்த களியும் மணலும் உருகி, புகையோடு பறக்கும்போதே துளித்துளியாக இறுகியவை. பெரும்பாலானவை மயிரிழையை விடச் சிறியவை. சில உள்ளே வெறும் வெற்றிடமாய்த் தண்ணீரில் மிதக்கும். உலையில் ஆவியான ஆர்சனிக்கும் செலேனியமும், புகை குளிரும்போது இந்த மணிகளின் மேற்பரப்பில் படிகின்றன. மணி சிறுத்தால் அதன் எடைக்கு மேற்பரப்பு கூடும். எனவே மிக நுண்ணிய தூளில்தான் நஞ்சு செறிவாக இருக்கிறது. காற்றில் நெடுந்தூரம் போவதும் மூச்சில் ஆழ இறங்குவதும் அதே நுண்தூள்தான்.

நிலக்கரிக்குள் இந்த மூலகங்கள் எப்படி வந்தன? கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முந்திய சதுப்புக்காட்டின் மரங்கள் வேரால் உறிஞ்சியவை, ஆறு கொண்டுவந்து சேர்த்த களி, எரிமலை தூவிய தூசு, பிற்காலத்தில் பாறையிடுக்கால் ஓடிய நீர் எல்லாம் விட்டுச் சென்றவை. கரியில் அவை சொற்பம். கருப்பணியைக் காய்ச்சிப் பனங்கட்டி எடுப்பது போல, கரியின் கார்பன் எரிந்து போனபின் மிஞ்சுவதில் அவை பத்து மடங்குக்குச் செறிகின்றன. இதை 1930களிலேயே கண்டு எழுதியவர் புவிவேதியியலின் தந்தை எனப்படும் விக்டர் கோல்ட்ஷ்மிட். ஜேர்மானியம் முதலான அரிய மூலகங்கள் கரிச்சாம்பலில் கூடிநிற்பதை அவர் காட்டினார். சீனாவின் யுனான் மாகாணத்து லிங்சாங்கிலும் உள்மங்கோலியாவின் வூலந்துகாவிலும் நிலக்கரிச் சாம்பலிலிருந்து இன்றும் ஜேர்மானியம் எடுக்கிறார்கள்.

அண்மைக்காலத்தில் உலகம் சாம்பலை மறுபடி திரும்பிப் பார்க்கக் காரணமும் சீனாதான். 2023 ஓகஸ்டில் காலியம், ஜேர்மானியம் இரண்டின் ஏற்றுமதிக்கும் அது கட்டுப்பாடு விதித்தது. சில்லுகளுக்கும் இரவுப்பார்வைக் கருவிகளுக்கும் இவை வேண்டும். 2025 ஏப்ரலில் ஏழு அருமண் மூலகங்களுக்கும் கட்டுப்பாடு வந்தது. காற்றாலைக் காந்தத்துக்கும் மின்காருக்கும் நியோடிமியம், டிஸ்ப்ரோசியம் தேடும் நாடுகளெல்லாம் தம் கொல்லைப்புறத்தில் கிடக்கும் சாம்பலை எண்ணத் தொடங்கின. டெக்சாஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2024இல் வெளியிட்ட கணக்கின்படி, அமெரிக்காவில் எடுக்கக்கூடிய நிலையில் தேங்கிக் கிடக்கும் சாம்பலில் 1 கோடியே 10 இலட்சம் தொன் அருமண் மூலகங்கள் இருக்கின்றன. அந்த நாடு அறிந்துவைத்திருக்கும் சுரங்க இருப்பைப்போல் இது ஏறக்குறைய எட்டு மடங்கு.

அந்த ஆய்வில் எனக்கு முக்கியமாகப் பட்டது வேறொன்று. அப்பலாச்சிய மலைக் கரியின் சாம்பலில் கிலோவுக்குச் சராசரி 431 மில்லிகிராம் அருமண் இருந்தது. மேற்கே பவுடர் ஆற்றுப் படுகைக் கரியின் சாம்பலில் 264 மட்டுமே. ஆனால் முதலாவதிலிருந்து பிரித்தெடுக்க இயலுவது ஏறத்தாழ 30 வீதம், இரண்டாவதிலிருந்து 70 வீதம். கூட இருப்பது ஓரிடம், கையில் கிடைப்பது இன்னோரிடம். கரி எந்த மண்ணில் பிறந்தது என்பது தெரியாமல் சாம்பலைப் பற்றி எதுவும் சொல்ல முடியாது.

நுரைச்சோலையின் சிக்கல் இங்கேதான். அமெரிக்காவின் அனல்மின் நிலையங்களில் பல, ஆண்டாண்டாக ஒரே படுகையின் கரியை எரித்தவை. நுரைச்சோலையிலோ பல நாடுகளின் கரி ஒன்றன்மேல் ஒன்றாக எரிந்து, அதே வரிசையில் மேட்டில் படிந்திருக்கிறது. மேட்டின் ஒரு மூலையில் வாளியால் அள்ளிய சாம்பலைச் சோதித்துவிட்டு மொத்த மேட்டுக்கும் தீர்ப்புச் சொன்னால் அது பொய்க்கும். சட்டகமிட்டுத் துளைக்க வேண்டும். ஐம்பது மீற்றருக்கு ஒரு துளை, ஐயம் வரும் இடத்தில் இடையிடையே இன்னும் சில. கைத்துளைப்பானோ இயந்திரமோ, அரை மீற்றர் அரை மீற்றராக நெடுங்குழாயில் சாம்பலை எடுத்து வரிசையாகப் பரப்பினால் வெறும் கண்ணுக்கே வேறுபாடு தெரியும். வெளிர்சாம்பல் நிறம், பழுப்பு சாயல், சில இடங்களில் கரும்பட்டை. கரும்பட்டை என்றால் எரியாத கார்பன் கூடுதல். இயந்திரம் நின்று மறுபடி பற்றவைத்த நாள்களின் தடயமாக அது இருக்கலாம்.

இதற்கு மண்வெட்டியைத் தொடுமுன்பே செய்யக்கூடிய வேலை ஒன்று உண்டு. கரி வாங்குவது லங்கா கோல் கம்பனி என்ற அரச நிறுவனம். ஒவ்வொரு கப்பலோடும் சாம்பல் வீதம், கந்தகம், ஈரம், வெப்பப் பெறுமானம் குறித்த பகுப்பாய்வுச் சான்றிதழ் வருகிறது. எந்தக் கப்பல், எந்தச் சுரங்கம், எந்த மாதம் எரிந்தது என்ற பதிவுகளை அடுக்கினாலே மேட்டின் படிவரிசையை ஓரளவு ஊகித்துவிடலாம். துளையிடும் இடத்தை அந்தக் கோப்பே காட்டும்.

எடுத்த மாதிரிக்குக் கையடக்க எக்ஸ்கதிர்க் கருவியை வைத்தால் ஒரு நிமிடத்துக்குள் ஆர்சனிக், குரோமியம், ஈயம், ஸ்ட்ரோன்சியம் போன்றவற்றின் அளவைச் சொல்லும். களத்தில் நின்றபடியே சுருக்கமாக ஒரு முதற்படம் கிடைத்துவிடும். ஆனால் லிதியம், போரோன் போன்ற இலேசான மூலகங்கள் அதன் கண்ணுக்குத் தெரியாது. அருமண்ணை அது நம்பும்படியாக அளக்காது. அவற்றுக்கு ஆய்வுகூடம் வேண்டும். கண்ணாடி மணிகளை ஐதரோபுளோரிக் அமிலத்தில் கரைத்து, ஆயிரக்கணக்கான பாகை வெப்பமுள்ள பிளாஸ்மாவில் தெளித்து, மூலகம் மூலகமாக எடையிட்டு எண்ண வேண்டும். பிறகு துளைக்கும் துளைக்கும் இடையில் என்ன இருக்கும் என்பதைக் கணிக்கவேண்டும். 1950களில் தென்னாபிரிக்கத் தங்கச் சுரங்கங்களுக்காக டேனி கிரீக் தொடக்கிவைத்த கணக்கு முறை இதற்குக் கைகொடுக்கிறது. தங்கம் தேடக் கண்டுபிடித்த வழியில் நஞ்சையும் தேடலாம்.

இவ்வளவு செய்தும் அது பாதிப் படம்தான். மொத்தம் எவ்வளவு இருக்கிறது என்பது ஒரு கேள்வி. மழைநீரில் எவ்வளவு கரைந்து இறங்கும் என்பது இன்னொன்று. சாம்பலைத் தண்ணீரிலிட்டு மணிக்கணக்காகக் குலுக்கி, வடித்த நீரைச் சோதித்தால் இரண்டாவதற்கு விடை வரும். மணியின் மேற்பரப்பில் படிந்தவை எளிதில் கழுவப்படும். கண்ணாடிக்குள் சிறைப்பட்ட அருமண் அசையாது. வாங்க வருபவனுக்கு முதற்படம் போதும். கிணற்றுத் தண்ணீர் குடிப்பவனுக்கு இரண்டாவது படம்தான் வேண்டும்.

உலகச் சராசரியாக நிலக்கரிச் சாம்பலில் கிலோவுக்கு ஏறத்தாழ 400 மில்லிகிராம் அருமண் இருக்கிறது. அந்தச் சராசரியையே நுரைச்சோலைக்கும் வைத்துப் பார்த்தால் ஆண்டுச் சாம்பலில் 80 தொன் வரும். கேட்கப் பெரிதாகத் தெரியும். ஆனால் அதில் கூடுதலானவை சந்தையில் மலிவாகக் கிடைக்கும் சீரியமும் லந்தனமும். விலைபோகும் டிஸ்ப்ரோசியம் கொஞ்சமே. பிரித்தெடுக்க அமிலம் ஊற்றும்போது ஆர்சனிக்கும் கூடவே கரைந்து வரும். எல்லாவற்றையும் எடுத்து முடித்தாலும் ஒரு தொன் சாம்பலில் 999 கிலோவுக்கு மேல் அப்படியே மிஞ்சும். இலங்கைக்கு அருமண் வேண்டுமென்றால் புல்மோட்டைக் கரையின் கனிம மணலில் மொனசைட் இருக்கிறது. எனவே சாம்பல் மேட்டைப் புதையல் மேடு என்று யாராவது மேடையில் சொன்னால் நம்பிவிடாதீர்கள். புதையல் எடுக்கும் சாக்கில் சாம்பல் ஒழிந்துவிடும் என்று சொன்னால் அதைவிட நம்பாதீர்கள்.

இந்தியா இந்த வழியில் இறங்கிவிட்டது. 2025 ஜனவரியில் அங்கே ஒப்புதல் பெற்ற தேசிய முக்கியக் கனிம இயக்கம், சுரங்கக் கழிவோடு பறக்கும் சாம்பலையும் மூலப்பொருளாகக் கணக்கில் எடுக்கிறது. முன்னோடித் திட்டங்களுக்கு 100 கோடி ரூபாய் ஒதுக்கியிருக்கிறது. ஆண்டுக்கு 30 கோடி தொன்னுக்கு மேல் சாம்பல் விளையும் நாட்டில் இது நியாயமான தேடல். ஆனால் அதே நாட்டின் எண்ணூரில், வடசென்னை அனல்மின் நிலையத்துச் சாம்பல் குழாய்கள் உடைந்து கொசஸ்தலையாற்றிலும் கழிமுகத்திலும் படிந்த சாம்பலுக்காக மீனவர்கள் பசுமைத் தீர்ப்பாயத்தில் ஆண்டுக்கணக்கில் வழக்காடினார்கள். செப்பாக்கம் கிராமம் சாம்பல் குளத்தின் அணைப்பில் கிடக்கிறது. அங்கே நீரோடு கலந்து குழாயில் அனுப்புவதால், கனமான மணிகள் குழாய்வாய்க்குக் கிட்டவும் நுண்தூள் குளத்தின் கடைக்கோடியிலும் படியும். வரைபடம் போடுகிறவன் குழாய்வாயருகே மட்டும் மாதிரி எடுத்தால் நஞ்சின் பெரும்பங்கை விட்டுவிடுவான். நுரைச்சோலையில் சாம்பலை உலர்வாகக் கொட்டுவதால் அங்கே காற்றுத்தான் கைகாரன்.

மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குக் காற்று கடலிலிருந்து கரைக்கு அடிக்கும். நிலையம் கடற்கரையில் இருக்கிறது. நரக்கள்ளி, இலந்தையடி போன்ற ஊர்கள் காற்றின் வழியில் இருக்கின்றன. வீட்டுக்குள்ளும் மரக்கறி இலைகளிலும் தூசு படிகிறது என்பது அந்த மக்களின் நெடுநாள் முறைப்பாடு. கற்பிட்டிக் குடாநாட்டை அறியாத யாழ்ப்பாணத்தவர் ஒருமுறை போய்ப் பார்க்கவேண்டும். இருபக்கமும் கடல், நடுவில் மணல்நிலம், மணலுக்குள் கைக்கெட்டும் ஆழத்தில் மெல்லிய நன்னீர்ப் படை, அதை இறைத்து வெங்காயமும் மிளகாயும் பயிரிடும் விவசாயி. வடமராட்சியின் சாயல் அப்படியே தெரியும். 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து விரட்டப்பட்ட முஸ்லிம் மக்களில் பெருந்தொகையினர் புத்தளம் மாவட்டத்தில்தான் குடியேறினார்கள். யாழ்ப்பாணச் சோனகத்தெருவில் பிறந்தவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று குடிக்கும் தண்ணீர் அந்த மாவட்டத்துத் தண்ணீர். எங்கள் விளக்குக்காக எரிந்த கரியின் சாம்பலை எங்கள் உறவுகளின் கிணற்றடியில் போட்டிருக்கிறோம் என்று நான் சொன்னால் அது மிகையில்லை.

மணலுக்குள் இறங்கும் நீரை வேலி தடுக்காது. தொண்டைமானாற்றுக்காரருக்கு இதை விளக்கத் தேவையில்லை. கடல்நீரேரியின் வாயில் தடுப்பணை கட்டி, கதவிறக்கி, உவர்நீரை வெளியே நிறுத்தினால் உள்ளூர்க் கிணறுகள் மெல்ல மெல்ல இனிக்கும் என்பதை அறிந்த ஊர் அது. நிலத்துக்கு மேலே நடப்பது நிலத்துக்குக் கீழே எங்கேயோ ஒரு கிணற்றில் தெரியும்.

சுன்னாகத்தில் அப்படித்தான் தெரிந்தது. மின்நிலைய வளாகத்தின் எண்ணெய்க் கழிவு சுண்ணக்கல் வெடிப்புகளால் இறங்கி, சுற்றுவட்டாரக் கிணறுகளில் நீரின்மேல் மினுங்கும் படலமாக வந்தது. வாளியில் மொண்டால் மண்ணெண்ணெய் மணம். மக்கள் பவுசருக்குக் காத்துக்கிடந்தார்கள். நிபுணர் குழுக்களின் முடிவுகள் ஒன்றுக்கொன்று முரண்பட்டன. வழக்கு உயர்நீதிமன்றம் போய், 2019 ஏப்ரலில், அங்கே மின்நிலையம் நடத்திய நொதேர்ன் பவர் நிறுவனம் இரண்டு கோடி ரூபாய் இழப்பீடு கட்டவேண்டுமென்று தீர்ப்பு வந்தது. கிணறுகளின் வரைபடம் எண்ணெய் மிதந்தபின் வரையப்பட்டதுதான் அங்கே நேர்ந்த கொடுமை. மின்நிலையம் தொடங்குமுன் எடுத்த அளவீடு வலுவாக இருந்திருந்தால், யாரால் வந்தது, எப்போது வந்தது என்று ஆண்டுக்கணக்கில் வாதாடவேண்டி வந்திருக்காது.

செலேனியம் பற்றியும் ஒரு வார்த்தை. அமெரிக்காவின் வட கரோலினாவில் பெலூஸ் ஏரி என்று ஒன்று. 1970களில் நிலக்கரிச் சாம்பல் குளத்து நீர் அதற்குள் விடப்பட்டது. தண்ணீரில் செலேனியத்தின் அளவு அற்பமாகத்தான் தெரிந்தது. பாசியில் கூடி, பூச்சியில் கூடி, மீனின் முட்டையில் சேர்ந்தபோது குஞ்சுகள் முறுகிப் பிறந்தன. அந்த ஏரியிலிருந்த 20 மீனினங்களில் 19 அழிந்தன. புத்தளம் கடல்நீரேரியில் வலைபோட்டுப் பிழைக்கும் குடும்பங்கள் இருக்கும் நாட்டில், சாம்பலின் செலேனியக் கணக்கை அறிவியலாளரின் மேசையோடு நிறுத்திவைக்க முடியாது. திருகோணமலை சம்பூரில் இந்தியாவோடு சேர்ந்து கட்டவிருந்த 500 மெகாவாட் நிலக்கரி நிலையத்தை 2016இல் அரசு கைவிட்டது. மக்களும் சூழல் அமைப்பும் நீதிமன்றம்வரை போய் நின்றதால் கொட்டியாரக் குடாவுக்கு இந்தக் கேள்வி வராமல் போயிற்று.

வரைபடம் போட நாட்டில் ஆளில்லாமல் இல்லை. பேராதனையில் புவிச்சரிதவியற்றுறை இருக்கிறது. மொறட்டுவையில் புவிவளப் பொறியியல் கற்பிக்கிறார்கள். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடம் கிளிநொச்சி அறிவியல் நகரில் இருக்கிறது. புவிச்சரிதவியல் அளவை, சுரங்கங்கள் பணியகத்திடம் துளையிடும் அனுபவம் இருக்கிறது. அவர்களுக்கு நான் வைக்கும் வேண்டுகோள், அளவெடுப்பை வளாகத்தின் வேலியோடு நிறுத்தாதீர்கள் என்பதே. மேட்டிலிருந்து காற்றுவழியே மண், இலை, கிணறு என்று கோடிழுத்துப் போகவேண்டும். பருவக்காற்றுக்கு முன்னும் பின்னும் எடுக்கவேண்டும். உலகச் சுகாதார நிறுவனம் குடிநீரில் ஆர்சனிக்குக்கு வகுத்த எல்லை லீற்றருக்கு 10 மைக்ரோகிராம். அந்த எண்ணுக்குப் பக்கத்தில் ஒவ்வொரு கிணற்றின் எண்ணையும் எழுதி, கற்பிட்டிப் பிரதேச சபைச் சுவரில் தமிழிலும் சிங்களத்திலும் ஒட்டவேண்டும். காலியமும் நியோடிமியமும் இரண்டாம் பக்கத்தில் இருக்கட்டும்.

தொண்டைமானாற்றில் இருந்துகொண்டே வாசகர் செய்யக்கூடிய காரியமும் ஒன்றுண்டு. தகவலறியும் உரிமைச் சட்டம், 2016இன் 12ஆம் இலக்கம், எந்தக் குடிமகனுக்கும் பொருந்தும். ஊர், மாகாணம் பாராது. நுரைச்சோலை மின்நிலையத்தை நடத்துவோரின் தகவல் அலுவலருக்கும், அந்தப் பகுதிக்குப் பொறுப்பான வடமேல் மாகாண சுற்றாடல் அதிகார சபைக்கும் ஒரு பக்கக் கடிதம் போதும். தமிழிலேயே எழுதலாம். கேட்கவேண்டியவை நான்கே: வளாகத்தில் இன்று தேங்கியிருக்கும் சாம்பல் எத்தனை தொன், அதில் ஆர்சனிக், செலேனியம், குரோமியம், போரோன் எவ்வளவு என்று எந்தெந்த ஆண்டில் அளந்தீர்கள், நீரில் கரையும் அளவு என்ன, சுற்றியுள்ள கிணறுகளின் பரிசோதனை முடிவுகள் எங்கே. ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லத் தேவையில்லை. தகவல் தருவதா இல்லையா என்ற முடிவை 14 வேலை நாள்களுக்குள் அலுவலர் உங்களுக்கு அறிவிக்கவேண்டும்.